நாங்க கிளிமஞ்சாரோ ஏறிட்டு வர்றதுக்குள்ள குழாய்க்கு நம்பர் எழுதுங்க: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊராட்சிக்காரங்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் ஊராட்சி நிர்வாகம் பாக்குற தலைவருங்க, தனி அலுவலருங்க, ஊராட்சி செயலருங்க, அப்புறம் முக்கியமா விடியக்காலைல எழுந்து போய் வால்வு திறந்து விடுற டேங்க் ஆப்பரேட்டர் அண்ணனுங்க, எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்துல பொறந்து வளர்ந்த பொண்ணு, இப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன். வர்ற பிப்ரவரியில நானும் கூட வேலை பாக்குற நாலு பேரும் தான்சானியா நாட்டுல இருக்குற கிளிமஞ்சாரோ மலை ஏறப் போறோம். ஆப்பிரிக்காவுலயே அதுதான் பெரிய மலை, 5,895 மீட்டர், நம்ம தொட்டபெட்டா உயரத்தை ரெண்டு மடங்கு பண்ணாலும் அந்த உயரம் வராது. எதுக்கு ஏறுறோம்னா, நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி தண்ணியில இருக்குற ஃப்ளோரைடுங்குற தாது பத்தியும் அதனால பல்லுக்கும் எலும்புக்கும் வர்ற ஃப்ளோரோசிஸ் நோய் பத்தியும் நாலு பேரு காதுல விழணும்னுதான். செலவு முழுக்க எங்களோடது, ஒருத்தரு சீட்டு எடுத்திருக்காரு, மத்தவங்க போனஸ் காசை சேர்த்து வெச்சிருந்தோம், யார்கிட்டயும் வசூல் பண்ணல, பண்ணவும் மாட்டோம்.

விஷயம் தெரிஞ்சதுல இருந்து நிறைய பேரு அன்பா கேக்குறாங்க, வழியனுப்பு விழா வைக்கலாமா, பஸ் ஸ்டாண்டுல ஃபிளக்ஸ் வைக்கலாமா, திரும்பி வந்ததும் ஊர்வலம் போலாமான்னு. மனசார நன்றிங்க, ஆனா வேண்டாம். அந்த சால்வைக்கும் மாலைக்கும் பதிலா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்க ஊராட்சியில ஜனங்க குடிக்கத் தண்ணி புடிக்கிற ஒவ்வொரு பொதுக் குழாயிலயும் ஃப்ளோரைடு எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணி, வந்த நம்பரை அந்தக் குழாய் பக்கத்துலயே பெயின்ட்ல எழுதுங்க. குடிக்கலாம்னா நீலம், குடிக்கக் கூடாதுன்னா சிவப்பு. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்து கிராம சபை இருக்குல்ல, அதுல அந்த நம்பரை எல்லாம் மைக்ல படிங்க. இதுக்காகத்தான் இந்த மடலே.

ஏன் பெயின்ட்டுன்னு பிடிவாதம் பிடிக்கிறேன்னா, ஃப்ளோரைடு கண்ணுக்குத் தெரியாதுங்க, வாசனை கிடையாது, நாக்குலயும் தெரியாது. உப்புத் தண்ணின்னா வாயில வெச்சதும் துப்பிடுவோம், கலங்கலா இருந்தா வடிகட்டுவோம், ஆனா ஃப்ளோரைடு ஏறுன தண்ணி பாக்க கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கும், குடிச்சா நல்லாவும் இருக்கும். நிறைய வீட்டுல கொதிக்க வெச்சு ஆறவெச்சு குழந்தைக்குக் கொடுக்குறாங்க, அது கிருமிக்கு நல்லதுதான், ஆனா ஃப்ளோரைடு ஆவியாப் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அதோட அளவு கூடத்தான் செய்யும். சாதா கேண்டில் ஃபில்டர்லயும் போகாது. ஆக டெஸ்ட் பண்ணி யாராவது எழுதி வெச்சாத்தான் ஒரு தாய்க்கு எந்தக் குழாயில குடத்தை வைக்கணும்னு தெரியும், வேற வழியே இல்ல. எங்க கம்பெனியில ஒரு பார்ட் செக்கிங்ல ஃபெயில் ஆச்சுன்னா உடனே சிவப்பு டப்பாவுல போட்டுருவோம், ஃபைல்ல மட்டும் எழுதி வெச்சுட்டு பார்ட்டை லைன்லயே விட்டா அது வண்டியில ஏறிப் போயிரும், தண்ணி விஷயமும் அப்படித்தான், ரிப்போர்ட்டு ஆபீஸ் பீரோவுல இருந்தா குடத்துக்கு எப்படித் தெரியும்?

இது நான் யோசிச்சுக் கண்டுபிடிச்ச ஐடியா இல்லைங்க. வங்கதேசத்துல ஆழ்குழாய் தண்ணியில ஆர்சனிக்ங்குற விஷம் இருக்குன்னு தெரிஞ்சப்ப லட்சக்கணக்கான அடிபம்புகளை டெஸ்ட் பண்ணி, நல்லதுக்கு பச்சை, கெட்டதுக்கு சிவப்புன்னு பெயின்ட் அடிச்சாங்க. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கலர் புரியும். சிவப்பு பம்பு வெச்சிருந்த நிறைய வீட்டுக்காரங்க பக்கத்து வீட்டு பச்சை பம்புக்கு மாறுனாங்க. அங்கயும் அது அரசாங்கமும் ஊர்க்காரங்களும் சேர்ந்து செஞ்ச வேலைதான்.

இப்ப ஃப்ளோரைடு என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன், ஏன்னா உங்கள்ல பல பேருக்கே இது வெறும் பல்லு கறைன்னுதான் மனசுல இருக்கு. இந்திய தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் தண்ணியில 1 மில்லிகிராம் வரைக்கும் சரி, வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 1.5 வரைக்கும் அனுமதிக்கலாம், அதுக்கு மேல போகக் கூடாது. குழந்தைக்கு நிரந்தரப் பல்லோட மேல் பூச்சு ஈறுக்கு உள்ள இருக்குறப்பவே உருவாகிட்டு இருக்கும், ஏறக்குறைய எட்டு வயசு வரைக்கும். அந்த வயசுல அதிக ஃப்ளோரைடு உள்ள போச்சுன்னா பல்லு முளைக்கிறப்பவே சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், காவி, சிலருக்கு குழி குழியா அரிச்ச மாதிரி. அதை பிரஷ் போட்டுத் தேச்செல்லாம் எடுக்க முடியாது. எங்க க்ளாஸ்ல பாதிப் பேருக்கு மேல அப்படித்தான் இருந்தோம், எனக்கும் இருக்கு. வாத்தியாருங்க பல்லு வெளக்கிட்டு வரலையான்னு கேப்பாங்க, புள்ளைங்க ரெண்டு வேளை வெளக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க, என்ன பதில் சொல்லுவாங்க. வயசுக்கு வந்த பொண்ணுங்க கையால வாயை மூடிட்டு சிரிக்கிறதும், பொண்ணு பாக்க வந்தவங்க பல்லைப் பாத்துட்டு போன் பண்றோம்னு போறதும், இன்டர்வியூல பசங்க வாயைத் திறக்காம பதில் சொல்றதும் நம்ம பக்கம் உள்ளவங்களுக்கு நான் விளக்கத் தேவையில்ல.

பல்லோட நிக்கலைங்க அது. வருஷக்கணக்குல குடிச்சா எலும்புல போய் சேருது, மூட்டு வலி, முதுகு விறைப்பு, கழுத்து திரும்பாது, ரொம்ப முத்திப் போனா முதுகு கூன் போட்டு ஆளு நிமிர முடியாது. எங்க பாட்டி கடைசிப் பத்து வருஷம் கீழ உக்காந்து எழுந்திரிக்க முடியாமத்தான் இருந்தாங்க, எல்லாரும் வயசாயிருச்சு வாயுத் தொல்லைன்னு மாத்திரை கொடுத்தாங்களே தவிர குடிக்கிற தண்ணியைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. வீட்டுலயே செஞ்சு பாக்குற மாதிரி மூணு விஷயம் டாக்டருங்க சொல்லுவாங்க: முட்டியை மடக்காம குனிஞ்சு கால் விரலைத் தொட முடியுதா, தாடையை நெஞ்சுல வைக்க முடியுதா, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னாடி கோக்க முடியுதா. முடியலைன்னா அது ஃப்ளோரோசிஸ்தான்னு அர்த்தம் இல்ல, ஆனா டாக்டர்கிட்ட காட்டணும், என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னும் சொல்லணும். எலும்புல ஏறுனதை இறக்குறதுக்கு மருந்து கிடையாது. தண்ணியை மாத்துறது, கால்சியமும் வைட்டமின் சியும் உள்ள சாப்பாடு, இவ்வளவுதான் கையில இருக்கு. நம்ம ராகி களியும் முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் இந்த விஷயத்துல நமக்கு பெரிய துணை, அதை விட்டுறாதீங்க.

இந்த நோய் நேத்து வந்ததும் இல்ல. 1937லயே அப்ப மெட்ராஸ் மாகாணத்துல இருந்த நெல்லூர் ஜில்லாவுல ஜனங்களுக்கு முதுகெலும்பு விறைச்சுப் போறதைப் பாத்து, தண்ணியில இருக்குற ஃப்ளோரைடுதான் காரணம்னு டாக்டருங்க ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிட்டாங்க. நம்ம மண்ணுக்கு அடியில இருக்குறதும் அதே மாதிரி கெட்டிப் பாறை, கிரானைட்டுக்குப் பேர் போன மாவட்டம் நம்மளோடது. பாறையில இருக்குற ஃப்ளோரைடு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணியில எறங்குது, தண்ணி எவ்வளவு நாள் பாறை இடுக்குல கெடக்குதோ அவ்வளவு ஏறும். முந்தி கெணத்துத் தண்ணி குடிச்சோம், கெணறு வத்துச்சு, போர் போட்டோம், அதுவும் வத்துச்சு, ஆயிரம் அடிக்குப் போறோம், அங்க வர்றது பாறைக்குள்ள ரொம்ப நாள் கெடந்த தண்ணி.

இதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. அதோட முழுப் பேருலயே ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புன்னு இருக்குங்க, ஜப்பான்காரங்க கடன் உதவியோட சுமார் 1,900 கோடி ரூபாய்ல கட்டி 2013ல தொறந்தாங்க. காவிரித் தண்ணியில ஃப்ளோரைடு கம்மி. அந்தத் திட்டத்துக்கு ரெண்டு மாவட்டமும் கடமைப்பட்டிருக்கு, அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா வெயில் காலத்துல பல ஊர்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். வர்ற ஒகேனக்கல் தண்ணி பத்தாம அதே டேங்க்ல போர் தண்ணியையும் ஏத்தி விடுறாங்க. ஆப்பரேட்டர் அண்ணனுங்களை நான் குறை சொல்லல, தண்ணி வரலைன்னா காலிக் குடத்தோட ஜனம் வந்து நிக்கிறது அவங்க வீட்டு வாசல்லதான். கலக்குறதே தப்புன்னும் சொல்லல, நல்ல தண்ணி அதிகமா இருந்தா கலந்த பிறகும் அளவு 1.5க்குள்ளயே இருக்கலாம். கலந்ததுக்கு அப்புறம் எவ்வளவு ஆச்சுன்னு பாக்காம விடுறதுதான் ஆபத்து. அதனாலதான் டெஸ்ட்டை போர்லயோ டேங்க்லயோ பண்ணாதீங்க, குழாய் முனையில, ஜனங்க குடம் வைக்கிற எடத்துல பண்ணுங்கன்னு கேக்குறேன், மழைக்காலத்துல ஒரு தடவை வெயில் காலத்துல ஒரு தடவை.

சரி, அதுக்கு எதுக்குமா ஆப்பிரிக்கா போற, வத்தல்மலை ஏறுனா ஆகாதான்னு எங்க பெரியப்பா கேட்டாரு. நியாயமான கேள்வி. வத்தல்மலையும் ராயக்கோட்டை கோட்டையும் தீர்த்தமலையும் நாங்க பயிற்சிக்காக ஏறிட்டுதான் இருக்கோம், முதுகுல மணல் பை வெச்சு. ஆனா கிளிமஞ்சாரோவைத் தேர்ந்தெடுத்ததுக்கு காரணம் உயரம் மட்டும் இல்லைங்க. கிளிமஞ்சாரோவும் பக்கத்துல மேரு மலையும் நிக்கிற அந்த வடக்கு தான்சானியா பகுதி பூராவும் எரிமலைப் பாறை, அந்தப் பாறையில இருந்து தண்ணிக்கு ஃப்ளோரைடு எறங்கி அருஷா, கிளிமஞ்சாரோ வட்டாரத்து ஜனங்களுக்கும் இதே காவிப் பல்லு, இதே வளைஞ்ச எலும்பு. ரொம்ப வருஷமா அந்த நாட்டுல லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரைக்கும் அனுமதிச்சிருந்தாங்க, வேற தண்ணிக்கு வழி இல்லாததால, அப்புறமாத்தான் 1.5க்கு எறக்குனாங்க. அருஷா பக்கத்துல ங்குர்டோட்டோன்னு ஒரு எடத்துல ஃப்ளோரைடு நீக்குறதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் வெச்சிருக்காங்க, மாட்டெலும்பைச் சுட்டு கரியாக்கி அது வழியா தண்ணியை விட்டா ஃப்ளோரைடு அதுல ஒட்டிக்கும், அந்த முறையை அங்க பண்றாங்க. நம்ம பக்கம் எலும்புக்கரின்னா பல வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க, நமக்கு படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு சுத்தம் பண்ற நல்கொண்டா முறை இருக்கு, அலுமினா ஃபில்டர் இருக்கு. எப்படியோ, மலை ஏறுற முன்னாடி அந்த நிலையத்தைப் பாத்துட்டு வரணும்னு இருக்கோம். உலகம் பூரா ஆளுங்க வந்து போட்டோ எடுத்துட்டுப் போற ஒரு மலை, அதோட அடிவாரத்துல நம்ம ஊர்ப் புள்ளைங்க பல்லோடயே புள்ளைங்க இருக்காங்க, இது தெரிஞ்ச அன்னைக்கே எங்க அஞ்சு பேருக்கும் வேற மலை மனசுல நிக்கல.

மலை எப்படி இருக்கும்னு கேக்குறவங்களுக்கு: கயிறு கட்டித் தொங்குற மலை இல்ல, நடந்தே ஏறலாம், ஆனா காத்து கஷ்டம். உச்சியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்குறதுல பாதிதான், தலைவலி, வாந்தி, தூக்கம் வராது, முத்துனா நுரையீரல்லயும் மூளையிலயும் நீர் கோத்துக்கும், அப்ப எறங்குறது ஒண்ணுதான் வைத்தியம். அதனால மச்சாமேங்குற பாதை வழியா மெதுவா ஒரு வாரம் எடுத்து ஏறுறோம், பகல்ல 4,600 மீட்டர் வரைக்கும் போயிட்டு ராத்திரி தூங்க 4,000 மீட்டருக்குக் கீழ எறங்கி வந்துருவோம், உடம்பு பழகணும்ல. கடைசி கேம்ப் பராஃபு, அங்க இருந்து நடுராத்திரி கிளம்பி விடியிறப்ப உச்சி. அந்த பராஃபு கேம்ப்ல ஒரு சொட்டு தண்ணி கிடையாது. கீழ கராங்கா பள்ளத்தாக்குல இருந்து சுமைக்காரங்கதான் தலையிலயும் தோள்லயும் தண்ணி தூக்கிட்டு மேல வரணும், ஏறுறவங்க அதைத்தான் குடிக்கணும், ஒரு நாளைக்கு மூணு நாலு லிட்டர் குடிச்சாத்தான் உடம்பு தாங்கும். இதைப் படிச்சப்ப எங்கம்மாவைத்தான் நெனச்சேன், இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு அவங்க தூக்கிட்டு வந்த தண்ணி நல்ல தண்ணியான்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

நாங்க உச்சி தொடுவோமான்னு தெரியாது, ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னாலும் எறங்கிருவோம்னு முன்னாடியே பேசி வெச்சிருக்கோம். தொட்டா அங்க ஒரு சின்ன பேனர் பிடிப்போம், அதுல எங்க மூஞ்சி இருக்காது, ஒரு குழாய் படமும் 1.5ங்குற நம்பரும் இருக்கும், மார்ச் 22க்கு முன்னாடி குழாய்க்கு நம்பர் எழுதுறோம்னு சொன்ன ஊராட்சிகளோட பேரும் இருக்கும். தொடாம திரும்புனாலும் நான் உங்ககிட்ட கேட்டது கேட்டதுதான், அதுக்கும் மலைக்கும் சம்பந்தம் இல்ல.

இன்னொரு பேச்சும் வருது, அந்தக் காசுல நாலு ஊருக்கு ஆர்ஓ மெஷின் போட்டிருக்கலாமேன்னு. போட்டிருக்கலாம்ங்க. ஆனா காயின் போட்டா கேன் ரொம்புற ஆர்ஓ பிளான்ட்டு எத்தனை ஊர்ல உள்ள தண்ணியை வடிகட்டுற மெம்பரேன் அடைச்சுப் போய் பூட்டிக் கெடக்குதுன்னு ரோட்டுல போறவங்களுக்கே தெரியும். மெஷின் கொடுக்குறதுக்கு ஆள் கெடைச்சாங்க, பராமரிக்க ஆள் இல்ல. தண்ணியில என்ன இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சிருந்தா, மெஷின் நின்ன மறுநாளே பொம்பளைங்க பத்துப் பேரு ஆபீஸ் வாசல்ல நின்னிருப்பாங்க, ரிப்பேர் தானா நடந்திருக்கும். விழிப்புணர்வுன்னு நான் சொல்றது இதைத்தான்.

வேலைக்கு வர்றேன். ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு கிராமத்துலயும் அஞ்சு பெண்களுக்கு தண்ணி டெஸ்ட் பண்ண பயிற்சி கொடுத்து ஃபீல்டு கிட் கொடுக்கணும்னு இருக்கு. உங்க ஊர் கிட் எங்க இருக்குன்னு மொதல்ல தேடுங்க, மருந்து பாட்டில்ல தேதி முடிஞ்சிருச்சான்னு பாருங்க. கிட்ல கலர் வெச்சு தோராயமாத்தான் தெரியும், 1.5 பக்கமா வந்து சந்தேகம் இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேபுக்கு அனுப்புங்க, பிளாஸ்டிக் பாட்டில்லதான் புடிக்கணும், கண்ணாடி பாட்டில் கூடாது, ஃப்ளோரைடு கண்ணாடியோட சேர்ந்துக்கும், அளவு தப்பாக் காட்டும். எல்லாக் குழாயும் ஒரே நாள்ல முடியாது, தெரியும். அங்கன்வாடி குழாய், அப்புறம் பள்ளிக்கூடக் குழாய், இதுல இருந்து ஆரம்பிங்க, எட்டு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்க அங்கதான் தண்ணி குடிக்கிறாங்க, அவங்களுக்குத்தான் இப்பவே தடுத்தா இனிமே உருவாகுற பல்லு பூச்சாவது தப்பிக்கும்.

சிவப்பு அடிச்சா ஊர்ல சண்டை வரும், எங்க தெருவுக்கு மட்டும் விஷத் தண்ணியான்னு கேப்பாங்கன்னு ஒரு ஊராட்சியில என்கிட்ட நேர்ல சொன்னாங்க. அந்தப் பயம் எனக்குப் புரியுது. சிவப்புக் குழாயை மூடணும்னு யாரும் சொல்லலைங்கிறதை அங்கயே எழுதிருங்க: குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ தாராளமா எடுக்கலாம், ஃப்ளோரைடு தோல் வழியா ஏறுற சமாச்சாரம் இல்ல. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கூடாது, சோறு ஆக்குறதும் களி கிண்டுறதும் டீ போடுறதும் குடிக்கிற கணக்குதான். அப்புறம் அந்தத் தெருவுக்கு நீலக் குழாய் எவ்வளவு தூரத்துல இருக்கோ அதையும் எழுதுங்க. தூரமா இருந்தா அங்க ஒகேனக்கல் லைன் தனியா கேட்டு கிராம சபையில தீர்மானம் போடுங்க, கையில நம்பர் இருக்குறப்ப மேல கேக்குறதுக்கு உங்களுக்கே பலம்தானே. அப்படியும் கோவப்படுறவங்க கோவப்பட்டுட்டுப் போகட்டும், கோவம் தண்ணி மேல திரும்பும், அது நல்லதுதான்.

பெயின்ட்டும் பிரஷ்ஷும் எங்க செலவு. பொங்கல் முடிஞ்சதுல இருந்து நாங்க கிளம்புற வரைக்கும் ஞாயித்துக்கிழமை எல்லாம் எங்களுக்கு லீவு, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் எந்த ஊராட்சி கூப்பிட்டாலும் வந்து எழுதித் தர்றோம், டெஸ்ட் மட்டும் உங்க ஆளுங்க பண்ணி நம்பர் வெச்சிருக்கணும், கையெழுத்தோட. பென்னாகரம், அரூர் பக்கம் எங்களால வர முடியாது, அங்க பள்ளிக்கூட டீச்சருங்களும் மகளிர் குழு அக்காங்களும் சேர்ந்தா ஒரு காலைப் பொழுது வேலைதான். நம்பர் எழுதுறப்ப தேதியையும் சேர்த்து எழுதுங்க, அடுத்த தடவை டெஸ்ட் பண்றப்ப பழசை அழிக்காம பக்கத்துலயே புதுசை எழுதுங்க, ஏறுதா எறங்குதான்னு பாக்குறவங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பொண்ணு ஒருத்தி, கூட ஏறப் போற நாலு பேரோட சேர்ந்து
ஓசூர்